சீன அரசியல் சொற்களும் அவற்றின் ஆங்கில வடிவங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீன அரசியலைப் பற்றித் தமிழில் நாம் படிப்பவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்தின் வழியே வந்து சேர்கிறது. அந்த ஆங்கிலத்தில் உள்ள சொற்களில் பலவற்றைத் தேர்ந்தெடுப்பவை பெய்ஜிங்கில் உள்ள கட்சி, அரசு அலுவலகங்கள். ஒரே ஆவணத்தின் சீன வடிவமும் ஆங்கில வடிவமும் வேறு வேறு பொருள் தரும்போது, மொழிபெயர்ப்பாளர் எங்கோ தவறிவிட்டார் என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். முக்கியமான இடங்களில் அது தவறே அல்ல. யாரோ யோசித்து எடுத்த முடிவு. அந்த முடிவுகளைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறேன். சீனச் சொற்களை மாண்டரின் ஒலிப்புக்கு இயன்றவரை நெருக்கமாகத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

ஷி ஜின்பிங்கை ஆங்கில இதழ்கள் ‘பிரசிடென்ட்’ என்று எழுதுகின்றன. சீன மொழியிலும் அவருடைய பதவிக்கு அதுதான் பொருளா?

இல்லை. அமெரிக்காவுக்கும் பிரான்சுக்கும் ரஷ்யாவுக்கும் இருக்கும் ‘பிரசிடென்ட்’ பதவியைச் சீன மொழி ‘ட்ஸோங்தோங்’ என்று குறிக்கிறது. தைவானில் ஆட்சித் தலைவருக்கும் அதே சொல்தான். ஷி ஜின்பிங் வகிக்கும் அரசுப் பதவியின் பெயர் ‘குவோஜியா ஜுஷி’. ‘குவோஜியா’ என்றால் நாடு அல்லது அரசு. ‘ஜுஷி’ என்றால் அவைக்குத் தலைமை ஏற்று அமர்பவர். மாவோவை உலகம் ‘சேர்மன் மாவோ’ என்று அழைத்ததும் இதே ‘ஜுஷி’யின் மொழிபெயர்ப்புதான்.

1954ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் இந்தப் பதவியை உருவாக்கியபோது அதன் ஆங்கில வடிவம் ‘சேர்மன்’ என்றே இருந்தது. 1975ஆம் ஆண்டு அரசமைப்பு பதவியையே ஒழித்தது. 1982இல் அது மீண்டும் உருவானபோது சீனப் பெயர் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் ‘பிரசிடென்ட்’ ஆனது. பிற நாட்டுத் தலைவர்களுக்கு இணையாக மேடையில் நிற்கும்போது அந்தச் சொல் பொருத்தமாக இருந்தது. புரட்சிக் காலத்தின் நினைவையும் அது கிளறவில்லை. இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. ஷி ஜின்பிங் மத்திய ராணுவ ஆணையத்துக்கும் ‘ஜுஷி’தான். ஆனால் அந்தப் பதவியை பெய்ஜிங்கின் ஆங்கிலம் இன்றும் ‘சேர்மன்’ என்றே எழுதுகிறது. ஒரே மனிதர், ஒரே சீனச் சொல், ஆங்கிலத்தில் இரண்டு பட்டங்கள்.

உண்மையான அதிகாரம் இந்த இரண்டில் முதலாவதில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2012 நவம்பரில் அவர் கட்சியின் பொதுச் செயலாளர் ஆனார். அரசுத் தலைவர் பதவி 2013 மார்ச்சில்தான் வந்தது. 2018இல் அரசமைப்பைத் திருத்தி, அரசுத் தலைவர் பதவியில் இருமுறைக்கு மேல் ஒருவர் தொடரக் கூடாது என்ற வரம்பை நீக்கினார்கள். அதை உலகம் பெரிய செய்தியாகக் கண்டது. பொதுச் செயலாளர் பதவிக்கோ அப்படி ஒரு வரம்பு சட்டத்தில் என்றுமே இருந்ததில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த சீன உறவு ஆய்வு ஆணையம் 2019ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்து அவரைப் ‘பொதுச் செயலாளர்’ என்றே குறிப்பிடத் தொடங்கியது. இந்த வேறுபாடு தமிழ்நாட்டு வாசகருக்கு எளிதில் விளங்கும். கட்சியின் பொதுச் செயலாளர் என்ற சொல்லின் எடை இங்கே எல்லாருக்கும் தெரியும்.

பட்டங்களைப் பற்றிய இந்தக் கூர்மை சீனர்களுக்கு இடையிலேயே எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு காட்சி. 2015 நவம்பர் 7 அன்று ஷி ஜின்பிங்கும் தைவானின் அன்றைய ஆட்சித் தலைவர் மா யிங்-ஜியோவும் சிங்கப்பூரில் சந்தித்தார்கள். ஒருவர் மற்றவரின் பதவிப் பெயரைச் சொன்னால் அந்த அரசை ஏற்றுக்கொண்டதாகிவிடும். ஆகவே இருவரும் ஒருவரையொருவர் ‘ஷியன்ஷெங்’, அதாவது ‘திரு’ என்று மட்டும் விளித்துக்கொள்வது என்று முன்கூட்டியே ஏற்பாடாகியிருந்தது.

இந்த ஆங்கில வடிவங்களை முடிவு செய்பவர்கள் யார்?

நெடுங்காலம் இந்தப் பணியின் மையமாக இருந்தது 1953இல் தொடங்கப்பட்ட மத்தியத் தொகுப்பு மொழிபெயர்ப்பு அலுவலகம். மார்க்ஸ், ஏங்கெல்ஸ், லெனின் ஆகியோரின் எழுத்துகளைச் சீனத்துக்குக் கொண்டுவருவதும், சீனத் தலைவர்களின் எழுத்துகளையும் கட்சி மாநாட்டு அறிக்கைகளையும் பிற மொழிகளுக்குக் கொண்டுபோவதும் அதன் வேலை. 2018இல் அது கட்சியின் வரலாற்று, ஆவண ஆய்வு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. 1952இல் நிறுவப்பட்ட அயல்மொழிப் பதிப்பகமும் வெளியுறவு அமைச்சகத்தின் மொழிபெயர்ப்புப் பிரிவும் இதில் பங்கு வகிப்பவை.

மொழிபெயர்ப்பு இங்கே தனியொருவர் படைப்பல்ல. சீன மொழிபெயர்ப்பாளர்கள் முதல் வரைவைத் தருவார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நடையைத் திருத்துவார்கள். பிறகு அரசியல் பொருத்தம் பார்ப்பவர்கள் மீண்டும் சரிபார்ப்பார்கள். ஒரு சொல்லுக்கு ஓர் ஆங்கில வடிவம் நிலைபெற்றுவிட்டால் அரசு ஊடகங்கள் எல்லாம் அதையே பின்பற்றும். அதனால்தான் அந்தச் சொல் மாறும் நாளில் எல்லா இடத்திலும் ஒன்றாக மாறுகிறது.

சீனக் கட்சியின் ‘பிரச்சாரத் துறை’ ஆங்கிலத்தில் ஏன் ‘பப்ளிசிட்டி’ துறையாகிறது?

சீனப் பெயரில் உள்ள சொல் ‘ஷுவென்ச்சுவான்’. பரவச் செய்வது, எல்லாருக்கும் அறிவிப்பது என்பது அதன் பழைய பொருள். தீ விபத்துத் தடுப்பைப் பற்றி ஊருக்குள் எடுத்துச் சொல்வதும் ‘ஷுவென்ச்சுவான்’தான், திரைப்படத்துக்கு விளம்பரம் செய்வதும் அதுதான். பொதுவுடைமை இயக்கத்தில் ‘ப்ரொபகண்டா’ என்பது மறைக்க வேண்டிய சொல்லாக இருக்கவில்லை; ஆகவே பல பத்தாண்டுகள் அந்த ஆங்கிலப் பெயரே வழங்கியது. ஆனால் இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகு ஆங்கிலம் பேசுவோர் காதில் ‘ப்ரொபகண்டா’ என்றால் திட்டமிட்டுப் பரப்பும் பொய் என்றே விழத் தொடங்கியிருந்தது. 1990களின் பிற்பகுதியில் துறையின் ஆங்கிலப் பெயரை ‘பப்ளிசிட்டி’ என்று மாற்றினார்கள். சீனப் பெயரும் மாறவில்லை, துறையின் வேலையும் மாறவில்லை. செய்தி, பதிப்பு, திரைப்படம் ஆகியவற்றின் மேல் கட்சியின் கண்காணிப்பு அந்தத் துறையின் வழியே நடக்கிறது. ‘பப்ளிசிட்டி’ என்ற சொல்லில் அது தெரியாமல் போகிறது என்பதே என் குறை.

தைவான் குறித்த அமெரிக்க–சீன அறிக்கைகளில் ஒரு வினைச்சொல்லைப் பற்றி இவ்வளவு விவாதம் ஏன்?

இந்தத் துறையில் இதைவிட முக்கியமான எடுத்துக்காட்டு இல்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1972 பிப்ரவரியில் நிக்சன் சீனாவுக்குச் சென்றார். அந்தப் பயணத்தின் முடிவில் வெளியான ஷாங்காய் கூட்டறிக்கையில் அமெரிக்கத் தரப்பு இப்படிச் சொன்னது: தைவான் நீரிணையின் இரு கரையிலும் உள்ள சீனர்கள் அனைவரும், சீனா ஒன்றுதான் என்றும் தைவான் அதன் பகுதி என்றும் கருதுவதை அமெரிக்கா ‘அக்னாலஜ்’ செய்கிறது, அந்த நிலைப்பாட்டை மறுத்துரைக்கவில்லை. ‘அக்னாலஜ்’ என்பது ‘நீங்கள் அப்படிக் கருதுகிறீர்கள் என்பதை அறிவோம்’ என்ற அளவில் நிற்பது. ‘நாங்களும் அப்படியே கருதுகிறோம்’ என்பது அதில் இல்லை. சீன வடிவம் இதற்கு ‘ரென்ஷி தாவ்’ என்ற தொடரைப் பயன்படுத்தியது. அறிந்துகொள்வது, உணர்வது என்பதே அதன் பொருள். இரண்டு வடிவங்களும் அன்று ஒத்துப்போயின.

1979 ஜனவரி 1 அன்று இரு நாடுகளும் முழுத் தூதரக உறவு கொண்டபோது வெளியான கூட்டறிக்கையிலும் ஆங்கிலச் சொல் ‘அக்னாலஜ்’தான். சீன வடிவத்திலோ அந்த இடத்தில் ‘செங்ரென்’ என்று இருந்தது. ‘செங்ரென்’ என்றால் ஒப்புக்கொள்வது, அங்கீகரிப்பது. அதே அறிக்கையின் வேறொரு வரியில், மக்கள் சீன அரசே சீனாவின் ஒரே சட்டபூர்வ அரசு என்று அமெரிக்கா ‘ரெக்கக்னைஸ்’ செய்கிறது. அங்கும் சீனத்தில் ‘செங்ரென்’. அதாவது ஆங்கிலம் கவனமாகப் பிரித்து வைத்த இரண்டு வினைகளைச் சீன வடிவம் ஒரே வினையாக்கிவிட்டது. ஆங்கிலத்தைப் படிப்பவருக்கு, சீன அரசை அங்கீகரித்த அமெரிக்கா, தைவானைப் பற்றிய சீனாவின் நிலைப்பாட்டைக் கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். சீனத்தைப் படிப்பவருக்கு அமெரிக்கா இரண்டையும் அங்கீகரித்துவிட்டது.

இது அன்றே கவனிக்கப்பட்டது. அமெரிக்க மேலவையில் கேள்வி எழுந்தபோது, தங்களைக் கட்டுப்படுத்துவது ஆங்கில வடிவமே என்று வெளியுறவுத் துறையின் துணைச் செயலர் வாரன் கிறிஸ்டோபர் விளக்கினார். 1982 ஆகஸ்ட் 17ஆம் தேதியிட்ட மூன்றாவது கூட்டறிக்கையிலும் இதே வேறுபாடு அப்படியே தொடர்ந்தது. இன்றும் பெய்ஜிங் ‘ஒரே சீனா கொள்கைநெறி’ என்கிறது. வாஷிங்டன் ‘எங்களுடைய ஒரே சீனா கொள்கை’ என்கிறது. முன்னதில் உள்ள சொல் ‘யுவான்ட்ஸெ’, விட்டுக்கொடுக்க முடியாத அடிப்படை. பின்னதில் உள்ளது ‘ஜெங்ட்ஸெ’, ஓர் அரசு வகுத்துக்கொண்ட, தேவைப்பட்டால் திருத்தக்கூடிய நடைமுறை. செய்தியாளர்கள் இரண்டையும் ஒன்றாக்கி எழுதும்போது நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான ஒரு வழக்கில் தம்மை அறியாமலே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள்.

இப்படி இருபொருள் படச் செய்வதைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். இரு தரப்பும் தத்தம் மக்களிடம் தத்தம் வடிவத்தைக் காட்ட முடிந்ததால்தான் அந்த உறவே சாத்தியமாயிற்று. ஆனால் அந்த வேறுபாடு இருக்கிறது என்று தெரியாமல் ஒரு வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாதிடுவது தவறான இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்தும்.

2001இல் அமெரிக்கா சீனாவிடம் மன்னிப்புக் கேட்டதா?

2001 ஏப்ரல் 1 அன்று ஹைனான் தீவுக்கு அருகே அமெரிக்க உளவு விமானம் ஒன்றும் சீனப் போர் விமானம் ஒன்றும் மோதிக்கொண்டன. சீன விமானி வாங் வெய் உயிரிழந்தார். சேதமடைந்த அமெரிக்க விமானம் அனுமதி பெறாமலே ஹைனானில் தரையிறங்கியது. அதில் இருந்த 24 பேரும் தடுத்து வைக்கப்பட்டார்கள். சீனா கேட்டது ‘தாவ்ச்சியென்’, அதாவது குற்றத்தை ஏற்றுக்கொண்டு கேட்கும் மன்னிப்பு. அமெரிக்கா தன்மேல் தவறில்லை என்றது.

ஏப்ரல் 11 அன்று அமெரிக்கத் தூதர் ஜோசப் ப்ரூஹர் சீன வெளியுறவு அமைச்சருக்கு ஒரு கடிதம் தந்தார். அதில் ‘வெரி சாரி’ என்ற தொடர் இரண்டு இடங்களில் வந்தது: விமானியின் குடும்பத்துக்கும் சீன மக்களுக்கும் நேர்ந்த இழப்புக்காக ஒருமுறை, வாய்மொழி அனுமதி இல்லாமல் சீன வான்வெளியில் நுழைந்து இறங்கியதற்காக மற்றொரு முறை. ‘அபாலஜி’ என்ற சொல் எங்கும் இல்லை. துக்க வீட்டில் சொல்லும் வருத்தத்துக்கும், தவறு செய்தவர் சொல்லும் வருத்தத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே ‘சாரி’ போதும் என்பதுதான் அந்தக் கடிதத்தின் உயிர். சீனத் தரப்பு அதை ‘ஷென்பியாவ் ச்சியென்யி’ என்று வெளியிட்டது. ‘ஆழ்ந்த மன்னிப்புணர்வைத் தெரிவிக்கிறோம்’ என்று சொல்லலாம். கேட்டிருந்த ‘தாவ்ச்சியென்’ அது இல்லை. ஆனால் அந்தச் சொல்லின் ஒரு பாதியான ‘ச்சியென்’ இதிலும் இருக்கிறது. சீன வாசகர் மன்னிப்பைக் கண்டார், அமெரிக்க வாசகர் அனுதாபத்தைக் கண்டார், விமானக் குழுவினர் மறுநாள் வீடு திரும்பப் புறப்பட்டார்கள். கேள்விக்கு நேரடி விடை: ஆங்கிலத்தில் இல்லை, சீனத்தில் ஏறத்தாழ ஆம்.

சில முழக்கங்களின் ஆங்கில வடிவம் பாதியில் மாறுவது ஏன்?

கேட்பவர் அச்சப்படுகிறார் என்று தெரிந்தால் சொல் மாறும். 2003இல், ஆசிய நாடுகளின் தலைவர்கள் கூடிப் பேசும் போஆவ் மன்றத்தில் கட்சிச் சிந்தனையாளர் ஜெங் பிஜியான் ‘ஹப்பிங் ஜுவெச்சி’, அதாவது ‘அமைதியான எழுச்சி’ என்ற கருத்தை முன்வைத்தார். ‘ஜுவெ’ என்பதை எழுதும்போது அதன் இடப்பக்கத்தில் மலையைக் குறிக்கும் உறுப்பு வரும். திடீரென ஓங்கி நிற்கும் சிகரத்தின் தோற்றம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘அமைதியான’ என்ற அடையால் அதை மென்மையாக்க முடியவில்லை. அடுத்த ஆண்டே தலைவர்கள் ‘அமைதியான வளர்ச்சி’ என்று பேசத் தொடங்கினார்கள். 2005இல் அந்தப் பெயரிலேயே வெள்ளை அறிக்கை வந்தது. இங்கே சீனச் சொல்லையே மாற்றினார்கள்.

‘யீ தாய் யீ லூ’ விஷயத்தில் ஆங்கிலம் மட்டும் மாறியது. 2013இல் கஜகஸ்தானிலும் இந்தோனேசியாவிலும் ஷி ஜின்பிங் அறிவித்த திட்டம் அது. ‘ஒரு பட்டை, ஒரு பாதை’ என்ற சீனத்தை அப்படியே ஆங்கிலமாக்கியபோது, பாதை ஒன்றே ஒன்றுதான், அதுவும் சீனா வகுத்தது என்ற எண்ணம் ஏற்பட்டது. 2015இல் ஆங்கிலத்தில் ‘ஒன்று’ என்ற சொல் இரண்டு இடங்களிலும் நீக்கப்பட்டு, கடைசியில் ‘இனிஷியேட்டிவ்’, அதாவது ‘முன்முயற்சி’, சேர்க்கப்பட்டது. ‘வியூகம்’ என்ற பொருள் தரும் ‘ஸ்ட்ராட்டஜி’யை ஆங்கிலத்தில் பயன்படுத்த வேண்டாம் என்றும் அறிவுறுத்தப்பட்டது. சீனத்தில் இரண்டு ‘ஒன்று’ம் இன்றுவரை அப்படியே இருக்கின்றன.

‘மனிதகுலத்தின் பொது விதிச் சமூகம்’ என்று நேர்பொருள் தரும் முழக்கமும் இப்படித்தான். முதலில் ‘டெஸ்டினி’ என்று எழுதியவர்கள் பிறகு ‘பகிரப்பட்ட எதிர்காலம்’ என்று மாற்றிக்கொண்டார்கள். சீனத்தில் ‘மிங்யுன்’, அதாவது விதி, 2018இல் அரசமைப்பின் முகவுரைக்குள்ளேயே இடம்பெற்றுவிட்டது.

மொழிபெயர்ப்பை எதிர்த்தரப்பு செய்தால் என்ன ஆகும்?

மாவோவுக்குப் பின் சீனாவை வழிநடத்திய டெங் ஷியாவ்பிங்கின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘தாவ்குவாங் யாங்ஹுவெய்’ இதற்கு எடுத்துக்காட்டு. ஒளியை உறையிலிட்டு இருளில் தன்னை வளர்த்துக்கொள்வது என்பது நான்கெழுத்துப் பழந்தொடரின் நேர்பொருள். சீன மொழிபெயர்ப்பாளர்கள் இதை ‘அடக்கமாக இருத்தல்’ என்ற பொருளில் ஆங்கிலமாக்கினார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆண்டறிக்கைகளோ ‘நம் ஆற்றலை மறைத்துக் காலம் பார்த்திருப்போம்’ என்ற பொருளில் எழுதின. பாயக் காத்திருக்கும் ஒருவரின் குரல் அதில் வந்துவிடுகிறது. பழந்தொடரில் மறைத்தல் உண்டு, வளர்த்துக்கொள்வதும் உண்டு, தக்க தருணம் பார்த்து வெளிப்படுவது சொல்லில் இல்லை, படிப்பவர் சேர்த்துக்கொள்வது. இரண்டு மொழிபெயர்ப்புகளும் சீனாவைப் பற்றி ஏற்கெனவே கொண்ட கருத்தைத்தான் சொல்கின்றன என்பது என் எண்ணம்.

இவ்வளவு அரசியல் சொற்கள் சீன மொழிக்கு எப்போது வந்தன?

பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். அதற்கு முன்பு சண்டையே எதிர்த்திசையில் இருந்தது. இரண்டாம் அபினிப் போரின்போது பிரிட்டன் சீனாமேல் திணித்த 1858ஆம் ஆண்டு தியான்ஜின் ஒப்பந்தத்தின் 51ஆவது பிரிவு, சீன அரசின் ஆவணங்களில் ஆங்கிலேயரைக் குறிக்க ‘யீ’ என்ற எழுத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று விதித்தது. அது ‘காட்டுமிராண்டி’ என்று பொருள்படும் என்பது பிரிட்டன் தரப்பின் வாதம். அயலார் என்பதற்கு மேல் எவ்வளவு இழிவு அந்தச் சொல்லில் இருந்தது என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். அதே ஒப்பந்தத்தின் 50ஆவது பிரிவு, பொருள் வேறுபட்டால் ஆங்கில வடிவமே செல்லும் என்றது. தோற்ற நாடு தன் சொல்லின் பொருளைத் தானே சொல்லும் உரிமையையும் இழந்தது.

1864இல் அமெரிக்க மதப்பணியாளர் வில்லியம் மார்ட்டின், சீன உதவியாளர்களோடு சேர்ந்து அமெரிக்கச் சட்ட அறிஞர் ஹென்றி வீட்டனின் பன்னாட்டுச் சட்ட நூலைச் சீனத்தில் கொண்டுவந்தார். அந்த ஆண்டே அதற்கு வேலை வந்தது. பிரஷ்யத் தூதர் வந்த போர்க்கப்பல், சீனக் கடற்பரப்பில் டென்மார்க்கின் கப்பல்களைச் சிறைபிடித்தது. ஐரோப்பாவில் இரு நாடுகளுக்கும் போர் நடந்துகொண்டிருந்த நேரம். சீன அரசின் சார்பில் இளவரசர் கோங், புதிய மொழிபெயர்ப்பில் கற்ற கடற்பரப்புக் கோட்பாட்டை முன்வைத்து எதிர்ப்புத் தெரிவித்தார், கப்பல்கள் விடுவிக்கப்பட்டன. அந்த நூலில்தான் ‘ரைட்ஸ்’ என்பதற்கு ‘ச்சுவான்லி’ என்ற சொல் பயன்பட்டது. பழைய சீனத்தில் அது அதிகாரத்தையும் ஆதாயத்தையும் சேர்த்துக் குறித்தது. உரிமை என்ற கருத்து இப்படி ஆதாயத்தின் சாயலோடு சீனத்துக்குள் நுழைந்ததை எண்ணி மொழிபெயர்ப்பாளர் யென் ஃபூ பின்னாளில் கவலைப்பட்டார். நேர்மையைக் குறிக்கும் வேறொரு சொல்லை அவர் முன்மொழிந்தும் அது நிலைக்கவில்லை. ‘பிரசிடென்ட்’ என்பதையே மொழிபெயர்க்க முடியாமல் ‘போலிஷிதியாந்தெ’ என்று ஒலிபெயர்த்து எழுதிய காலமும் அதுதான்.

அதன் பிறகு ஜப்பானின் வழியே சொற்கள் வெள்ளமாக வந்தன. சமூகம், பொருளாதாரம், புரட்சி, குடியரசு ஆகியவற்றுக்கான சீனச் சொற்கள் பழைய சீன நூல்களில் உள்ளவைதான். ஆனால் அவற்றுக்கு இன்றைய பொருளை ஏற்றியது ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர்கள். புரட்சியைக் குறிக்கும் ‘கமிங்’ பழைய நூல்களில் அரச குலத்துக்குக் கிடைத்த வானத்தின் ஆணை மாறுவதைக் குறித்தது. ஜனநாயகத்தைக் குறிக்கும் ‘மின்ஜு’ பழஞ்சீனத்தில் ‘மக்களின் தலைவர்’, அதாவது அரசர். 1919இல் சீன இளைஞர்கள் ‘தெ ஷியன்ஷெங்’ என்று, ‘டெமாக்ரசி’யின் முதல் ஒலியை எடுத்துத் ‘திரு தெ’ என அதை ஓர் ஆளாகவே அழைத்தது இதனால்தானோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

‘மக்கள் ஜனநாயகச் சர்வாதிகாரம்’ என்பது மொழிபெயர்ப்புப் பிழையா?

பிழையல்ல. சீன அரசமைப்பின் முதல் பிரிவிலேயே உள்ள தொடர் அது. பெய்ஜிங்கின் ஆங்கிலமும் ‘டிக்டேட்டர்ஷிப்’ என்றே அதை எழுதுகிறது. 1949 ஜூனில் மாவோ எழுதிய கட்டுரை அதன் பொருளைத் தெளிவாகவே சொல்கிறது: மக்களுக்குள்ளே ஜனநாயகம், எதிரிகள் மேல் சர்வாதிகாரம். மக்கள் யார் என்று முடிவு செய்பவர் யார் என்பதே அதில் அடங்கியிருக்கும் கேள்வி. ‘குடிமக்கள்’ சட்டச் சொல், எல்லாரையும் உள்ளடக்கும். ‘மக்கள்’ அரசியல் சொல், சிலரை வெளியே நிறுத்தும்.

‘லிபரலிசம்’, அதாவது தாராளவாதம், இன்னும் குழப்புவது. 1937 செப்டம்பரில் மாவோ ‘ட்ஸியோவ் ஜுயி’யை எதிர்த்து ஒரு சிறு கட்டுரை எழுதினார், ஆங்கிலத்தில் அது லிபரலிசத்தை எதிர்க்கும் கட்டுரை ஆயிற்று. தலைப்பை மட்டும் பார்த்தால் தனிமனிதச் சுதந்திரத்தை வலியுறுத்திய ஆங்கிலச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்கு மறுப்பு என்று தோன்றும். உள்ளே அவர் பட்டியலிடும் பதினொரு வகைகளில் ஒன்று: கூட்டத்தில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, வெளியே வந்த பிறகு புறம் பேசுவது. பழைய நண்பர் என்பதற்காகத் தவறைத் தட்டிக் கேட்காமல் விடுவது மற்றொன்று. கட்சி ஒழுங்கில் தளர்வு என்பதே அங்கே பொருள்.

சட்டத்தின் ஆட்சி பற்றிச் சீனா பேசும்போது எந்தப் பொருளில் பேசுகிறது?

இங்கே காது ஏமாற்றும், கண்தான் சொல்லும். ‘ஃபாஜ்’ என்று ஒலி, தொனி இரண்டிலும் ஒன்றேயான இரு சொற்கள் உண்டு. ஒன்று சட்ட அமைப்பு. மற்றொன்று சட்டத்தால் நடக்கும் ஆட்சி. முதல் சொல்லின் இரண்டாம் எழுத்தில் கத்தியைக் குறிக்கும் உறுப்பும் மற்றதில் நீரைக் குறிக்கும் உறுப்பும் இருப்பதால், ‘கத்தி ஃபாஜா, நீர் ஃபாஜா’ என்று சீனச் சட்ட அறிஞர்கள் பேச்சில் பிரித்துக் கேட்பார்கள். 1999இல் ‘நீர்’ வகை அரசமைப்புக்குள் வந்தது. 2018இல் முகவுரையில் எஞ்சியிருந்த ‘கத்தி’யும் ‘நீர்’ ஆயிற்று. ஆங்கிலத்தில் இதை ‘ரூல் ஆஃப் லா’ என்று எழுதுகிறார்கள். ஆனால் ஆட்சியாளரையும் கட்டுப்படுத்தும் சட்டம் என்ற ஆங்கிலப் பொருள் அதில் உறுதியாக இல்லை. சட்டத்தைக் கருவியாகக் கொண்டு ஆள்வது என்றும் அதைப் படிக்கலாம். கட்சியின் தலைமை சட்டத்துக்கும் மேலே நிற்கும்வரை இந்த ஐயம் தீராது.

மொழிபெயர்க்காமலே விட்டுவிட்ட சொற்கள் உண்டா?

உண்டு. ‘மின்ட்ஸு’ என்றால் இனம். அதை நெடுங்காலம் ‘நேஷனாலிட்டி’ என்று எழுதினார்கள். சீனாவில் அரசு ஏற்ற மின்ட்ஸுகள் 56. ‘நேஷன்’ என்ற சொல்லின் நிழலில் தன்னாட்சி உரிமை என்ற கருத்தும் வரும் என்பதால் பிறகு ‘எத்னிக்’ என்று மாற்றத் தொடங்கினார்கள். பெய்ஜிங்கில் உள்ள தேசிய இனங்களுக்கான மத்தியப் பல்கலைக்கழகம் 2008இல் தன் ஆங்கிலப் பெயரில் சீனச் சொல்லையே வைத்து ‘மின்ட்ஸு பல்கலைக்கழகம்’ ஆனது.

2008 டிசம்பரில், அன்றைய அரசுத் தலைவர் ஹூ ஜின்தாவ் ஓர் உரையில் ‘பூ ஜத்தெங்’ என்றார். வட்டாரப் பேச்சிலிருந்து வந்த சொல். தேவையில்லாமல் எதையாவது கிளறித் தன்னையும் பிறரையும் அலைக்கழிக்காதிருப்பது என்று விளக்கலாம். அந்த மாத இறுதியில் செய்தியாளர் கூட்டத்தில் அதை ஆங்கிலமாக்க வேண்டிய மொழிபெயர்ப்பாளர் ‘பூ ஜத்தெங்’ என்றே சொன்னார்; அரங்கம் சிரித்தது. கலாச்சாரப் புரட்சியை வாழ்ந்து பார்த்த தலைமுறைக்கு அந்த ஒரு சொல்லில் இருந்த கனம் எந்த மொழிக்கும் போகாது என்பதால், அவர் செய்தது சரியே.

சீனத் தலைவர்கள் சொன்னதாக ஆங்கிலத்தில் வழங்கும் கூற்றுகளை நம்பலாமா?

ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும். பிரெஞ்சுப் புரட்சியின் விளைவைப் பற்றிக் கருத்துச் சொல்ல இன்னும் காலம் ஆகவில்லை என்று 1972இல் சீனப் பிரதமர் ஜோ என்லாய் சொன்னதாக ஒரு கதை உண்டு. அங்கே இருந்த அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் சாஸ் ஃப்ரீமன் 2011இல் அதைத் தெளிவுபடுத்தினார்: ஜோ என்லாய் பேசியது நான்காண்டுகளுக்கு முன் பாரிசில் நடந்த 1968 மாணவர் கிளர்ச்சியைப் பற்றி. ‘நெருக்கடி’ என்ற சீனச் சொல்லில் ஆபத்தும் வாய்ப்பும் இருக்கின்றன என்பதும் அப்படியே. ‘வெய்ஜி’யில் உள்ள ‘ஜி’ நிகழ்வு திரும்பும் கணத்தைக் குறிப்பது. விமானத்துக்கும் எந்திரத்துக்கும் உள்ள சீனச் சொற்களிலும் அதே ‘ஜி’ உண்டு.

பார்வைக்கு மட்டும் அச்சுறுத்தும் எதிரியைக் குறிக்கும் ‘காகிதப் புலி’ மட்டும் மாவோ உறுதி செய்தது. 1946 ஆகஸ்டில் யென்ஆனில் அன்னா லூயிஸ் ஸ்ட்ராங் என்ற அமெரிக்கச் செய்தியாளரிடம் அவர் பேசியபோது, மொழிபெயர்த்தவர் அதை ஆங்கிலத்தில் ‘சோளக்கொல்லை பொம்மை’ என்றார். மாவோ நிறுத்தி, புலி என்றே இருக்க வேண்டும் என்று திருத்தினார். ஆங்கில அகராதியில் அந்தச் சொல் இன்று இடம்பெற்றிருப்பதில் அந்தத் திருத்தத்துக்குப் பங்கு உண்டு.

தமிழில் எழுதுவோர் எந்த வடிவத்தைப் பின்பற்றலாம்?

சீன மூலம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு, ஆங்கிலத்தைச் சுற்றாமல் நேரே தமிழுக்கு வரலாம் என்பதே என் பரிந்துரை. 1963இல் தொடங்கிய சீன வானொலித் தமிழ்ப் பிரிவு ‘குவோஜியா ஜுஷி’யை ‘அரசுத் தலைவர்’ என்று வழங்கி வருகிறது. அது மூலத்துக்கு நெருக்கமானது. நம் நாளிதழ்கள் எழுதும் ‘அதிபர்’ ஆங்கிலத்தின் ‘பிரசிடென்ட்’டிலிருந்து வந்தது. இந்தியாவுக்குக் ‘குடியரசுத் தலைவர்’, இலங்கைக்குச் ‘சனாதிபதி’, அமெரிக்காவுக்கு ‘அதிபர்’ என்று ஒரே ஆங்கிலச் சொல்லை ஏற்கெனவே நாம் பிரித்துத்தான் எழுதுகிறோம். சீனாவுக்கும் தனியே ஒன்று இருப்பதில் தடையில்லை.

‘ஷுவென்ச்சுவான்’ துறையைப் ‘பரப்புரைத் துறை’ என்று எழுதலாம். தேர்தல் பரப்புரை, சுகாதாரப் பிரச்சாரம் என்று நாள்தோறும் வழங்கும் இந்தச் சொற்களில் ஆங்கில ‘ப்ரொபகண்டா’வின் கறை தமிழில் ஒட்டவில்லை, ‘விளம்பரத் துறை’ என்று மழுப்ப வேண்டிய தேவையும் நமக்கு இல்லை. 1979 கூட்டறிக்கையைக் குறிப்பிடும்போது, தைவான் பற்றிய சீன நிலைப்பாட்டை அமெரிக்கா ‘ஏற்றுக்கொண்டது’ என்று எழுதினால் அது சீன வடிவம். ‘அறிந்திருப்பதாகத் தெரிவித்தது’ என்று எழுதினால் ஆங்கில வடிவம். ஒரே வரியில் முடிக்க வேண்டிய செய்தியாக இருந்தாலும், எந்த மொழி வடிவத்தின்படி என்று இரண்டு சொல் சேர்த்து எழுதிவிடலாம்.